நவம்பரில் இது எங்கே போகும்?



பள்ளிகள் திறந்த கையோடு கடைகளின் முன்வரிசை நிறம் மாறிவிட்டது. கோடைக்கால நாற்காலிகள் தள்ளுபடி மூலைக்குப் போயின. அவை இருந்த இடத்தில் பிளாஸ்டிக் மேப்பிள் இலைச் சரங்களும், நுரையில் வார்த்த பூசணிகளும், ‘வெல்கம்’ எழுதிய மரப்பலகைகளும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. இன்னும் சில வாரங்களில் டொராண்டோ பகுதியின் ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் தெருவுக்குத் தெரு வீட்டு முகப்புகள் ஆரஞ்சும் சிவப்புமாகிவிடும். பக்கத்து வீட்டுப் படிக்கட்டைப் பார்த்துவிட்டு வரும் குழந்தை, “நம்ம வீட்டில எப்ப?” என்று கேட்கும். நாட்டுக்குப் புதிதாக வந்த குடும்பமென்றால், கடையில் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “அடுத்த வருஷம் பார்ப்போம்” என்று அந்தக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

இம்மாத ஆசிரியர் பக்கம் அந்தக் குழந்தைக்காக.

முன்வாசலை அலங்கரிக்க நமக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. பொங்கலுக்குக் கரும்பு, கல்யாணத்துக்கு வாழைமரம், நாள் கிழமைக்கு மாவிலை, கோயில் விழாவுக்குக் குருத்தோலை, மார்கழிக் கோலத்தின் நடுவே சாணத்தில் செருகிய பூசணிப்பூ என்று அந்தந்தப் பருவத்தில் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்ததைத்தான் வாசலில் வைத்தோம். காரியம் முடிந்ததும் வாழைமரம் மாட்டுக்குப் போனது, மாவிலை காய்ந்து குப்பைக்குழிக்குப் போனது, அரிசிமாக் கோலத்தை எறும்பு தின்றது. வாழைமரத்தைப் பெட்டியில் போட்டுக் கட்டி அடுத்த பொங்கலுக்கு எடுத்துவைத்தவர் யாருமில்லை.

இந்தக் கணக்கையே கனடாவின் இலையுதிர் காலத்துக்கும் போடலாம். எதைக் கையில் எடுத்தாலும் ஒரே ஒரு கேள்வி: நவம்பரில் இது எங்கே போகும்? சமையலறைக்கு, தோட்டத்துப் பாத்திக்கு, இலைக்குப்பைப் பைக்கு என்று பதில் வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். “பேஸ்மென்டில் ஒரு பெட்டிக்குள்” என்று வந்தால் இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே கடைக்குள் நடந்தால் முக்கால்வாசிப் பொருள்கள் தாமாகவே கழன்றுவிடும். மிஞ்சுபவை பெரும்பாலும் மலிவானவை. சில, காசே இல்லாதவை.

காசில்லாத பொருளில் முதலாவது, நாம் வாரிக் கொட்டும் இலை. பகல் சுருங்கும்போது மரம் இலையிலுள்ள பச்சையத்தைப் புதுப்பிப்பதை நிறுத்துகிறது. பச்சை விலகியதும், கோடை முழுக்க அடியில் மறைந்திருந்த மஞ்சளும் ஆரஞ்சும் வெளியே தெரிகின்றன. பேர்ச் மரத்தின் மஞ்சள் அப்படி வருவது. மேப்பிளின் சிவப்பு மட்டும் வேறு கதை. அது முன்பே இருந்ததல்ல, இலையில் தங்கிவிட்ட சர்க்கரையைக் கொண்டு மரம் புதிதாக உண்டாக்குவது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் சில நாட்கள் தொடர்ந்து வாய்த்தால் சிவப்பு கொழுந்துவிடும். அந்த நாட்களில் இலை பொறுக்குங்கள். மழை பெய்து இரண்டு நாள் தரையில் ஊறிய இலை எதற்கும் ஆகாது. விழுந்த அன்றே, ஈரமில்லாமல், காம்போடு எடுக்க வேண்டும்.

பொறுக்கிய இலையை அப்படியே கோத்தால் மறுநாளே சுருண்டு நொறுங்கிவிடும். அதற்கு மெழுகு வைத்தியம் இருக்கிறது. முதலில் இலைகளைச் செய்தித்தாளின் மடிப்புகளுக்கு இடையே பரப்பி, மேலே அரிசி மூட்டையை வைத்து மூன்று நான்கு நாள் தட்டையாக்குங்கள். பிறகு ஒரு பழைய தகரடப்பாவில் தேன்மெழுகையோ வெள்ளை மெழுகுவர்த்தித் துண்டுகளையோ போட்டு, டப்பாவைத் தண்ணீருள்ள பாத்திரத்தில் நிறுத்தி, அடுப்பைச் சிறியதாக எரியவிடுங்கள். மெழுகு டப்பாவை நேரே தணலில் வைக்கவே கூடாது, தீப்பிடிக்கும். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடுவதால் தண்ணீர் கொதிக்க வேண்டிய அவசியமும் இல்லை. மெழுகு கண்ணாடிபோல் தெளிந்ததும் இலையைக் காம்பில் பிடித்து முக்கி, எடுத்து, ஒரு உதறு உதறி, பேக்கிங் காகிதத்தின் மேல் படுக்கப் போடுங்கள். முக்கியெடுத்த கணத்தில் நிறம் ஒரு படி கறுத்தாற்போலத் தோன்றும். ஆறியதும் நரம்பு நரம்பாகத் தெளிந்து வரும். மெழுகு தடித்துப் படிந்தால் வெண்ணிறப் படலம் தட்டும். அப்படித் தட்டினால் மெழுகு இன்னும் கொஞ்சம் சூடாக வேண்டும் என்று அர்த்தம்.

இதன்பின் நடப்பது நமக்குப் பழகிய தோரண வேலைதான். சணல்கயிற்றைக் கதவின் அகலத்துக்கு ஒன்றரை மடங்கு எடுத்து, காம்பைக் கயிற்றின் மேல் மடக்கி இலையின் அடிப்பகுதியில் குத்திவிட்டால் போதும், ஊசிகூட வேண்டாம். மேப்பிளின் காம்பு நீளமானது, வளைந்து கொடுக்கும். ஓக் இலைக்குக் காம்பு குட்டை, அதற்கு மட்டும் நூல் தேவைப்படும். குழந்தைகளைச் சூடான மெழுகின் பக்கம் விடாதீர்கள். கோக்கும் வேலையை முழுக்க அவர்களிடமே கொடுத்துவிடலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இலை பொறுக்கப் போகும் இடத்தில் மற்ற எல்லாவற்றையும் முந்திக்கொண்டு சிவக்கும் ஒரு செடி உண்டு. ‘பாய்சன் ஐவி’ என்பார்கள். ஒரு காம்பில் மூன்று இலை. நடு இலைக்கு மட்டும் தண்டு சற்று நீளம். தரையிலும் படரும், மரத்திலும் ஏறும். அதிலுள்ள எண்ணெய் தோலில் பட்டால் கொப்புளம் கிளம்பும். இலை காய்ந்த பிறகும் அந்த நஞ்சு போகாது, எரித்தால் புகையிலும் வரும். மா, முந்திரி, சேராங்கொட்டை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது இது. மாங்காய்ப்பால் பட்டு உதடு வெந்த அனுபவம் உள்ளவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மூன்றிலைக் கொத்தாகச் சிவந்த எதையும் தொட வேண்டாம் என்று குழந்தைகளுக்குச் சொல்லிவையுங்கள். தெரியாமல் தொட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இன்னொன்று, நம் பகுதியை ஒட்டியிருக்கும் ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவுக்கு நடக்கப் போகிறவர்கள் அங்கே இலையோ கூம்போ எடுக்கக் கூடாது. இயற்கைப் பொருள்களை அங்கிருந்து கொண்டுவரச் சட்டம் இடம் தருவதில்லை. நம் வீட்டு முற்றமும், “எடுத்துக்கோங்க, எனக்கு வாருகிற வேலை மிச்சம்” என்று சொல்லும் பக்கத்து வீட்டாரின் முற்றமும் போதும்.

பைன் கூம்புகள் கிடைத்தால் விடாதீர்கள். தகடு விரித்த தட்டில் பரப்பி, அவனில் 90 டிகிரி செல்சியஸில் அரைமணி நேரம் பக்கத்திலேயே நின்று சூடாக்கினால் உள்ளேயிருக்கும் பூச்சி சாகும், மூடிய செதில்களும் விரியும். வளைவுக்குத் துணி மாட்டும் கம்பி ஒன்றை வட்டமாக்கி, கூம்புகளை மெல்லிய கம்பியால் அதில் கட்டினால் கதவில் தொங்கவிடும் மலர்வளையம் தயார். கடையில் அதற்கு வைத்திருக்கும் விலையை நான் எழுதப் போவதில்லை. அடுத்த முறை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பருவத்துக்குத் தமிழ் வீடுகளிடம் வேறு யாரிடமும் இல்லாத ஒரு சொத்தும் உண்டு: நம் பின்வளவுத் தோட்டம். மே மாதக் கடைசியில் நட்டு, ஆகஸ்டு முழுக்கச் சாப்பிட்டு, இப்போது வாடி நிற்கிறதே, அதுதான். பறிக்க மறந்து செடியிலேயே முற்றிய வெண்டைக்காயைப் பாருங்கள். விரல் நீளத்துக்கு மரத்துப்போய், வரிவரியாக வெடித்து, வெளிர்ப்பழுப்பில் நிற்கும். அதை நான்கைந்தாகச் சேர்த்துக் கட்டினால் எந்தக் கைவினைக் கடையிலும் கிடைக்காத கொத்து. முற்றவிட்ட பீர்க்கங்காயின் உள்கூடு, பந்தலோடு காய்ந்த புடலங்கொடி, சிவந்த மிளகாய் கோத்த மாலை, போன வருடம் மாடத்தில் காயப்போட்ட சுரைக்குடுக்கை என எல்லாமே இந்தப் பருவத்தின் நிறத்தில்தான் இருக்கின்றன. பிளாஸ்டிக்கில் செய்த சோளக்கதிரைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு, இவற்றைக் குப்பைப் பையில் திணிப்பானேன்?

பூசணிக்கு வருவோம். அது இந்தக் கண்டத்தின் காய். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் செதுக்கி, அக்டோபர் 31 ஹாலோவீன் இரவில் கெட்ட ஆவிகளை விரட்ட வைத்தார்கள். குடியேறி இங்கு வந்தவர்களுக்குப் பெரிதாகவும் குடைய எளிதாகவும் பூசணி கிடைத்தது, டர்னிப்பை விட்டுவிட்டார்கள். கட்டிக்கொண்டிருக்கும் வீட்டின் முன் அரக்கன் முகம் வரைந்த பூசணியைத் தொங்கவிடும் நமக்கும், ஆயுதபூஜையன்று நீற்றுப்பூசணியில் குங்குமம் தடவித் தெருவில் உடைக்கும் நமக்கும் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பயமுறுத்தும் முகத்தை வாசலில் வைத்தால் பயமுறுத்த வருவது திரும்பிப் போகும் என்ற நினைப்பு இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

உலகப் போட்டிகளில் ஆயிரம் கிலோவைத் தாண்டும் ராட்சதப் பூசணிகளின் வம்சம் நோவா ஸ்கோஷியாவின் விண்ட்சர் ஊரில் ஹோவர்ட் டில் என்ற விவசாயி உருவாக்கிய ‘அட்லாண்டிக் ஜயன்ட்’ ரகத்திலிருந்து வந்தது. நம் படிக்கட்டுக்கு அவ்வளவு வேண்டாம். பெரிதாக ஒன்று வாங்குவதைவிட அளவுக்கொன்றாக மூன்று வாங்கி, ஒரு படிக்கு ஒன்றாக வைத்தால் அழகு கூடும். வாங்கும்போது காம்பு முழுதாக இருக்கிறதா, அடிப்பக்கம் அழுத்தினால் கெட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள். காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள். காம்பு முறிந்த இடத்திலிருந்துதான் அழுகல் ஆரம்பிக்கும். முழுப்பூசணி குளிர்ந்த, மழை படாத இடத்தில் ஒன்றிரண்டு மாதம் தாங்கும். குடைந்த பூசணி ஒரு வாரம் தாங்கினாலே அதிகம். ஆகவே அக்டோபர் தொடக்கத்தில் முழுசாக வையுங்கள், குடைவதை ஹாலோவீனுக்கு இரண்டு மூன்று நாள் முன்பு வைத்துக்கொள்ளுங்கள். கடும் உறைபனி வரும் இரவில் உள்ளே எடுத்துவிடுங்கள். உறைந்து இளகிய பூசணி மறுநாள் கூழாகிவிடும்.

குடையாமலே அலங்கரிக்க நம்மிடம் ஒரு வழி இருக்கிறது. ஊறவைத்த பச்சரிசியை மைய அரைத்த மாவில் ஒரு துணித்துண்டை நனைத்து, நடுவிரல் வழியே இழைய விட்டுப் பூசணியின் மேல் மாக்கோலம் போடலாம். வழவழப்பான தோல் என்பதால் முதல் இழை வழுக்கும். ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, மாவைக் கொஞ்சம் கெட்டியாக எடுத்தால் நிற்கும். பூசணிக்கு இயல்பாகவே இருக்கும் பள்ளங்கள் கோலத்துக்குப் பாத்தி பிரித்துக் கொடுத்துவிடுகின்றன, ஒவ்வொரு வரிக்கும் ஒரு கொடி என்று இழுத்துக்கொண்டு போகலாம். ஆரஞ்சின் மேல் வெள்ளை காய்ந்து வரும்போது தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். கூரைக்குக் கீழே இருந்தால்தான் இது நிலைக்கும், மழை பட்டால் போய்விடும். அரிசிமாவு வாசனைக்கு அணில் வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஊர் அணில் நம் ஊர் முதுகுவரி அணில் அல்ல, ஒரே இரவில் பூசணியின் கன்னத்தைத் தின்றுவிடும். காம்பைச் சுற்றிக் கொஞ்சம் மிளகாய்த்தூளைக் குழைத்துத் தடவினால் தயங்கும். வர்ணம் பூசிய பூசணி சமையலுக்கும் ஆகாது, உரக்குழிக்கும் ஆகாது. மாக்கோலப் பூசணியைக் கழுவினால் மறுபடி காய்தான்.

செவ்வந்தித் தொட்டியில்லாமல் இங்கே இலையுதிர் காலம் இல்லை. பெரும்பாலான ஆண்டுகளில் நவராத்திரியும் இதே வாரங்களில் வருவதால் பூஜைக்கும் வாசலுக்கும் ஒரே தொட்டி போதும். இரவு நீளும்போதுதான் செவ்வந்தி மொட்டுவிடும். விரிந்து குலுங்கும் தொட்டியைப் பார்த்து மயங்காமல், மொட்டு இறுகி, ஓரத்தில் ஒன்றிரண்டு மட்டும் நிறம் காட்டும் தொட்டியாக எடுங்கள். அதே விலைக்குப் பல வாரம் கூடுதலாகப் பூக்கும். நெருக்கி வளர்த்த செடி என்பதால் தண்ணீர் சீக்கிரம் வற்றும், வேரில் ஊற்றுங்கள், பூவின் மேல் வேண்டாம்.

பண்ணைகளில் கட்டாக விற்கும் காய்ந்த சோளத்தட்டையை வாங்கி முகப்புத் தூண்களில் கட்டினால், பொங்கலுக்குக் கரும்பு கட்டிய கை என்று பார்த்தவுடன் தெரியும். வைக்கோல் கட்டு வாங்குகிறவர்கள் கடையில் கேட்டு வாங்குங்கள். கால்நடைத் தீவனமாக விற்கும் புல்கட்டில் விதை இருக்கும், மழையில் முளைக்கும், எலியையும் கூப்பிடும். கதிரடித்து மிஞ்சிய வைக்கோல்தான் வாசலுக்கு ஏற்றது, விலையும் பெரும்பாலும் குறைவு.

நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்கு வைத்ததும் டொராண்டோவில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு வாசலுக்கு நிறத்தைவிட வெளிச்சம்தான் தேவை. ஊறுகாய் பாட்டில்களைக் கழுவி, மெழுகிட்ட இலையை உட்புறமாக ஒட்டி, பேட்டரி விளக்கை உள்ளே வைத்தால் சிவப்பு ஒளி கசியும். வைக்கோலும் காய்ந்த தட்டையும் இருக்கும் இடத்தில் திரியிட்ட விளக்கு வேண்டவே வேண்டாம். அதே பாட்டில்களை இலையை உரித்துவிட்டுக் கார்த்திகைக்கு வைத்துக்கொள்ளலாம்.

“முகப்பே இல்லாத வீட்டில் என்ன செய்ய?” என்று கேட்கும் வாசகர்களும் நம்மிடம் நிறைய. பேஸ்மென்டில் குடியிருப்பவர்களுக்குப் பக்கவாசல் ஒன்றுதான் வாசல். அதற்கும் நிலை உண்டு, நிலைக்கு ஒரு தோரணம் கட்டலாம். படியில் எதையும் வைக்காதீர்கள், இருட்டில் கால் இடறும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் நடைபாதையில் பொருள் வைக்கும் முன் நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். தீப்பாதுகாப்பு விதிகளுக்காகப் பல கட்டடங்களில் அனுமதிப்பதில்லை. பால்கனிக் கண்ணாடியின் உட்புறம் தொங்கும் இலைச்சரத்துக்கு யார் அனுமதியும் வேண்டாம், பகல் வெயிலில் வீட்டுக்குள்ளேயே நிறம் விழும்.

கடைசியில், ‘நவம்பரில் இது எங்கே போகும்?’ என்ற அந்தக் கேள்விக்கே பதில் சொல்லிவிடலாம். குடையாத நல்ல பூசணி பால்கறிக்கும் கூட்டுக்கும் போகும். முகம் செதுக்கவென்று விற்கும் பெரிய ரகம் நீர்த்துப்போய் நாராக இருக்கும், அதைப் புளிவிட்டுக் குழம்பாக்குங்கள். இனிப்புக்கென்று விற்கும் சிறிய ரகம் எதற்கும் பொருந்தும். விதையைக் கழுவிக் காயவைத்து உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு வறுக்கலாம். குடைந்த பூசணி சமையலறைக் கழிவுக்கான பச்சைத் தொட்டிக்கு. சோளத்தட்டையும் செடிகொடியும் நகராட்சி எடுத்துக்கொள்ளும் காகிதப் பைக்கு. வைக்கோலை அவிழ்த்துப் பூண்டுப் பாத்தியின் மேல் பரப்பினால் குளிர்காலம் முழுக்க அது மண்ணைக் காக்கும். பூண்டை அக்டோபரிலேயே ஊன்றிவிடுவது இந்த ஊர் வழக்கம். மெழுகிட்ட இலைகளை அடுத்த ஆண்டு வரை வைத்திருக்க ஆசை வந்தால் ஒரு புத்தகத்துக்குள் அடங்கிவிடும். பேஸ்மென்டில் பெட்டி எதுவும் சேரவில்லை.

1957-இல் வெளியான அறிவிப்பின்படி கனடாவில் நன்றி நவிலும் நாள் அக்டோபர் மாதத்து இரண்டாவது திங்கள். அமெரிக்காவில் நவம்பர் வரை காத்திருக்கிறார்கள். இங்கே அறுவடை முந்திவிடுவதால் விருந்தும் முந்திவிடுகிறது. அந்த நீண்ட வார இறுதியில் உறவுகள் வீட்டுக்கு வருவதற்குள் வாசல் தயாராகட்டும்.

இந்த இதழில் சிறிய வீட்டிலும் கொலு வைக்கும் வழிகளைப் பற்றி ஒரு கட்டுரையும், பூசணிக்காயில் ஆறு சமையல் குறிப்புகளும், முதல் குளிர்காலத்தைச் சந்திக்கும் மாணவர்களுக்கான பக்கமும் இருக்கின்றன. உங்கள் வாசலைப் படமெடுத்து அனுப்புங்கள், நவம்பர் இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். படத்தோடு என்ன செலவாயிற்று என்பதையும் எழுதுங்கள். மிகக் குறைந்த செலவில் செய்தவருக்கு முதல் இடம். குழந்தை கோத்த தோரணம் கோணலாக இருந்தால் நிமிர்த்தாமல் அப்படியே படமெடுங்கள், அதற்குத் தனி இடம் உண்டு.

அன்புடன்,
ஆசிரியர்